48 மணி நேர சிவாஜி

போன பதிவில் ஜிஎஸ்டி உள்ளீட்டு வரி வரவு பற்றி எழுதி நாலு பேரைத் தூங்க வைத்ததற்கு மன்னிக்கவும் மக்களே. இந்தப் பதிவில் சினிமா உண்டு, ரயில் உண்டு, சண்டையும் உண்டு. கொஞ்சம் நீளம். டீ குடிச்சிட்டு வந்து உட்காருங்க.

சண்டை யாரோடன்னா, ஒரு பொத்தானோடு. கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி, அடியில் ஒரு சின்னக் கோடு. காசு கட்டிப் படம் பார்க்கிற செயலிகளில் பார்த்திருப்பீங்க. பேர் டவுன்லோட். அந்தப் பேர் ஒரு பொய் என்பதுதான் என் கட்சி.

கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன்.

தாத்தா தவறியபிறகு அவருக்குக் காசியில் திதி கொடுக்கணும்னு அப்பாயி பிடிவாதமாக இருந்தாங்க. சித்தப்பா, சித்தி, அப்பாயி, நான் என்று நாலு டிக்கெட். திருச்சியிலிருந்து சென்னை, அங்கிருந்து கங்கா காவேரி எக்ஸ்பிரஸ். சாயங்காலம் ஏறினால் ரெண்டு ராத்திரி, நடுவில் ஒரு முழுப் பகல். குடும்பத்தில் செமஸ்டர் லீவில் சும்மா இருக்கிற ஒரே ஜீவன் நான் என்பதால் பொழுதுபோக்குத் துறை என் பொறுப்பில் விடப்பட்டது.

என்னிடம் ஒரு பத்து இன்ச் டேப்லெட் இருக்கு. சிம் போடாத ஜாதி, வைஃபை மட்டும். அப்பாயிக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனதிலிருந்து போன் திரையில் முகம் தெரியாது, டேப்லெட்டில் தெரியும். அதனால் கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து, நான் மாசாமாசம் ஒழுங்காகக் காசு கட்டுகிற செயலி ஒன்றிலிருந்து (பேர் வேண்டாம், அடுத்த செயலியும் இதே லட்சணம்தான்) வரிசையாக இறக்கினேன். எனக்கு ஒரு கொரியன் சீரியல், பதினாறு எபிசோடு. சித்திக்கு ஒரு கொலைக்கதை. அப்பாயிக்கு ஒரே ஒரு படம். பழைய சிவாஜி படம். கல்யாணமான புதுசில் முசிறிப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில், மணல் குவிச்சு உட்கார்ந்து, தாத்தாவோடு பார்த்த படமாம். "அதுக்கப்புறம் உங்க தாத்தா என்னைய எந்தக் கொட்டாய்க்குக் கூட்டிட்டுப் போனாரு" என்று ஒரு குறையோடுதான் எப்பவும் அந்தப் படத்தின் பேரைச் சொல்வாங்க.

முதல் ராத்திரி கூடூர் தாண்டியதும் போட்டேன். பாதிப் படம் பார்த்தாங்க. பக்கத்துப் படுக்கைக்காரர் விளக்கை அணைக்கச் சொன்னதால் நிறுத்தினோம். மறுநாள் மனசு சரியில்லை என்று படுத்தே இருந்தாங்க. அப்புறம் காசி, கங்கை, பிண்டம், கூட்டம், அஞ்சு நாள் ஓடிப்போச்சு. படம் யாருக்கு ஞாபகம்.

திரும்பி வரும்போது மத்தியானம், இட்டார்சி தாண்டி சாத்பூரா மலைக்குள் வண்டி வளைஞ்சு வளைஞ்சு போய்க்கொண்டிருக்கு. ஏழு நாளில் முதல்முறையாக அப்பாயி தானாகக் கேட்டாங்க. "அந்தப் படத்தப் போடு சாமி, மிச்சத்தப் பாப்போம்."

போட்டேன். போஸ்டர் இருக்கு. பேர் இருக்கு. பாதி வரைக்கும் ஓடின சிவப்புக் கோடு இருக்கு. அழுத்தினால், காலாவதியாகிவிட்டது, இணையத்தோடு இணைந்து புதுப்பிக்கவும் என்கிறது. இணையமா? போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. சுற்றிலும் தேக்கு மரமும் குரங்கும். அசடு மாதிரி டேப்லெட்டின் தேதியை ஒரு வாரம் பின்னாடி தள்ளிப் பார்த்தேன். ஏமாறுமா அது? சாயங்காலம் நாக்பூரில் வண்டி நின்றபோது போன் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து இணைத்தேன். சக்கரம் சுத்தி சுத்தி, கடைசியில் ஒரே வரி. இந்தப் படம் இப்போது இங்கே கிடைப்பதில்லை.

மாசம் பிறந்து ரெண்டு நாள் ஆகியிருந்தது. கம்பெனிக்கும் படத்தின் உரிமைக்காரருக்கும் நடுவில் இருந்த ஒப்பந்தம் முடிஞ்சிருக்கு போல. எனக்கு யாரும் சொல்லலை.

அப்பாயிக்கு விளக்கினேன். அவங்க கேட்டது இதுதான்: "காசு கட்டித்தானே எடுத்த? நம்ம கையிலதான இருக்கு? யாரு வந்து எடுத்துட்டுப் போனா?"

மூணு வருஷமாக பி.காம் படிக்கிறேன். இந்தக் கேள்விக்கு அந்த ரயிலில் என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து தேடினேன். தேடத் தேட கோபம்தான் வந்தது. அதான் இந்தப் பதிவு.

முதல் விஷயம், யாரும் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை! படம் என் டேப்லெட்டிலேயேதான் இருந்தது. ஒரு ஜிபிக்கு மேல் இடத்தை அடைச்சுக்கொண்டு, நான் அழிக்கிறவரைக்கும் இருந்தது. டவுன்லோட் அழுத்தினால் வருவது ரெண்டு சாமான். ஒன்று, பூட்டிய பெட்டி, அதாவது மறையாக்கம் செய்த கோப்பு. இன்னொன்று, உரிமம் என்கிற சின்னச் சாவி. ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் இந்த வேலையைச் செய்வது வைட்வைன் என்ற பூட்டு. 2010ல் கூகுள் வாங்கிய கம்பெனியின் சரக்கு. சாவிக்குள்ளேயே ரெண்டு கெடு எழுதி வைக்கலாம். எத்தனை நாளுக்குள் திறக்கணும், திறந்தபிறகு எத்தனை மணி நேரத்துக்குள் முடிக்கணும். கெடு தாண்டினால் சாவி செத்துப்போகும். பெட்டி அப்படியே கிடக்கும். என் டேப்லெட், என் மெமரி, என் கரண்ட், என் டேட்டா. உள்ளே இருக்கிற சிவாஜி மட்டும் என்னுடையவர் இல்லை.

(இதில் இன்னொரு கொடுமை. இந்தப் பூட்டில் எல்1, எல்3 என்று தரம் உண்டு. விலை குறைந்த பல டேப்லெட்டில் எல்3தான். அதில் நீங்க எவ்வளவு பெரிய திட்டத்துக்குக் காசு கட்டினாலும் பெரும்பாலும் மங்கலான படம்தான் வரும். கடையில் டேப்லெட் வாங்கும்போது இதை யாராவது சொன்னாங்களா? எனக்குச் சொல்லலை.)

அது என்ன கணக்கு 48? நெட்ஃபிளிக்ஸ் 2016 நவம்பரில் டவுன்லோட் வசதி கொண்டுவந்தது. அதில் சில படங்களுக்கு, ஒருமுறை ப்ளே அழுத்தினால் அதிலிருந்து 48 மணி நேரம். அமேசான் பிரைம் வீடியோவிலோ ஆப்பிளிலோ படம் வாடகைக்கு எடுத்தால், தொடங்க 30 நாள், தொடங்கினால் வழக்கமாக 48 மணி நேரம். யூடியூப் 2014 டிசம்பரில் இந்தியாவில் ஆஃப்லைன் வசதி கொடுத்தபோது, நம்ம ஊர் சிக்னல் மோசம் என்று தெரிந்தே கொடுத்தபோது, அதற்கும் வைத்த கெடு 48 மணி நேரம். ரூம் போட்டு யோசிப்பாங்களோ?

இந்த 48ஐ முடிவு செய்த ஆசாமி வாழ்க்கையில் நம்ம ஊர் ரயிலில் போனதில்லை என்று சூடம் ஏற்றிச் சத்தியம் செய்வேன். 2011ல் ஓட ஆரம்பித்த விவேக் எக்ஸ்பிரஸ் கன்னியாகுமரியிலிருந்து திப்ரூகர் போகிறது. நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல், எழுபது மணி நேரத்துக்கும் மேல். கோயம்புத்தூரில் ஏறுகிற அசாம்காரத் தொழிலாளி அன்றைக்கு ராத்திரி ஒரு படத்தைத் தொடங்கித் தூங்கிப்போனால், ஊருக்குப் போய்ச் சேருவதற்குள் படம் செத்துப்போகும். பயணத்துக்காகவே செய்த வசதி, பயணம் முடிவதற்குள் முடிந்துவிடுகிறது. விமானத்தில் மூணு மணி நேரம் போகிறவனை மனதில் வைத்துச் செய்த சட்டையை நமக்கு மாட்டிவிட்டிருக்காங்க. கை பத்தலை.

தொழிலாளி என்றதும் அந்த ரயில் தோழர் ஞாபகம் வருகிறார். எங்களுக்கு எதிர் படுக்கை. சாப்ரா பக்கத்துக்காரர், சென்னையில் சென்ட்ரிங் வேலை, ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறார். தமிழ் நல்லாவே பேசுகிறார். நான் தேதியை மாற்றிப் படுகிற பாட்டைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "நெட் பாத்தா படம்? வேணாம் தம்பி" என்று தன் போனை எடுத்து நீட்டினார். கண்ணாடி கீறல் விழுந்த போன். உள்ளே மெமரி கார்டு. ஊரில் ரீசார்ஜ் கடையில் அம்பது ரூபாய் கொடுத்தால் கார்டு நிறைய ரொப்பிக் கொடுப்பாங்களாம். போஜ்புரிப் படம், இந்திப் படம், இந்தியில் பேசுகிற நம்ம விஜய், அல்லு அர்ஜுன். கெடு இல்லை, சிக்னல் வேண்டாம், புதுப்பிக்கச் சொல்லி யாரும் மிரட்டுவதில்லை. பாதியில் விட்டு அடுத்த சாத் பண்டிகைக்கு ஊருக்குப் போகும்போது மிச்சத்தைப் பார்க்கலாம்.

அப்பாயி அன்றைக்கு ஒரு போஜ்புரிப் படம் பூராவும் பார்த்தாங்க. ஒரு வார்த்தை புரியலை. "அந்தப் புள்ள மாமியாகிட்ட படுற பாடு புரியிதே, அது போதாதா" என்றாங்க. அவ்வ்வ்வ்.

நல்லாக் கவனிங்க. ஒரே பெட்டி, ஒரே காடு, ஒரே மத்தியானம். காசு கட்டினவன் கையில் கருப்புத் திரை. கட்டாதவர் கையில் சினிமா. பூட்டு யாரைத் தடுத்தது? அவரைத் தடுக்கவில்லை. படத்தை முதலில் திருடி இணையத்தில் ஏற்றினவனையும் தடுக்கவில்லை. வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினவனைத்தான் நடுப்படத்தில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது.

இதை வகுப்பில் சொன்னபோது என் நண்பன் ஒருத்தன், வருங்கால ஆடிட்டர், சிரித்தான். "மாசம் 149 ரூவாய்க்கு உனக்குப் படத்த எழுதிக் கொடுக்கணுமாடா?" நெட்ஃபிளிக்ஸின் மொபைல் திட்டத்தைச் சொல்கிறான். போன், டேப்லெட்டில் மட்டும் பார்க்கிற திட்டம். 2019ல் 199க்கு ஆரம்பித்து 2021 டிசம்பரில் 149க்கு இறக்கினாங்க. இந்த வாதத்தைத்தான் முதலில் உடைக்கணும். கேட்பதற்கு நியாயம் மாதிரியே இருக்கும், அதனால்தான்.

நான் எழுதிக் கேட்கவில்லை ராசா. வாடகை என்றால் வாடகைக்கு நான் தயார். அப்பா சின்ன வயசில் ஊருக்கே ஒரு வீடியோ கடை. டெக்கும் கேசட்டும் ஒருநாள் வாடகைக்கு எடுத்து வந்து, தெருவே கூடி விடிய விடிய மூணு படம் பார்ப்பாங்களாம். அங்கேயும் கெடு உண்டு. ஆனால் அந்தக் கடைக்காரர் வாடகையை வாடகை என்றுதான் சொன்னார். ரெண்டாவது, கிளைமாக்ஸ் ஓடும்போது வீட்டுக்குள் வந்து கேசட்டை உருவவில்லை. லேட்டானால் அபராதம் வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான்.

நிலத்துக்குக்கூட இப்படிக் கிடையாது. கிரையப் பத்திரம் பார்த்திருக்கீங்களா? சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள என்று ஒரு நீளமான வாசகம் வரும். அது வாங்கினவனுக்கு. சரி, நான் வாங்கவில்லை. ஒத்திக்கு எடுத்தவன், குத்தகைக்கு எடுத்தவன் கதி என்ன? அப்பாயியிடம் கேட்டேன், அவங்க அப்பா குத்தகை விவசாயி. "நட்ட பயிர அறுக்காம எவனும் நெலத்த விடுன்னு சொல்லமாட்டான். சொன்னா ஊரு சும்மா விடாது" என்றாங்க. பாதி பார்த்த படம் என்பது நட்ட பயிர் இல்லையா? நான் சந்தா கட்டிய மாசம் இன்னும் முடியவில்லை. குத்தகைக் காலத்துக்குள்ளேயே வரப்பை அடைத்துவிட்டாங்க.

இப்ப கொஞ்சம் பாடப்புத்தகம். கொட்டாவி விடாதீங்க, ரெண்டே பத்தி. சரக்கு விற்பனைச் சட்டம், 1930. பிசினஸ் லா பேப்பரில் எல்லாரும் மனப்பாடம் செய்ததுதான். பிரிவு 14ல் ஒரு அழகான சங்கதி இருக்கு. விற்பனை என்றாலே, எழுதாவிட்டாலும், வாங்கினவன் அந்தப் பொருளைத் தொந்தரவில்லாமல் வைத்திருந்து அனுபவிக்கலாம் என்ற உத்தரவாதம் அதற்குள் அடக்கம். நம்ம பத்திரத்தின் ஆண்டு அனுபவிப்பதும் இதுவும் ஒரே ரத்தம். நூறு ரூபாய்க்குச் செருப்பு வாங்கினாலும் இந்தப் பாதுகாப்பு உண்டு. படத்துக்கு ஏன் இல்லை என்றால், இது சரக்கே இல்லை, சேவையாம். 18 சதவீத ஜிஎஸ்டியும் சேவைக்குத்தான் போடறாங்க. சரி, சேவை. அப்ப பொத்தானில் மட்டும் ஏன் சரக்கின் பாஷை? டவுன்லோட் என்றால் இறக்கி வைப்பது. லாரியில் வந்த மூட்டையை வீட்டுத் திண்ணையில் இறக்கி வைத்தால் அது வீட்டுக்காரனுடையது என்றுதானே எவனும் நினைப்பான்?

கணக்குப் பதிவியலில் சொத்துக்கு இலக்கணம் என்ன? அது நம் கட்டுப்பாட்டில் இருக்கணும். டேப்லெட்டில் கிடக்கிற அந்த ஒரு ஜிபி யார் கட்டுப்பாட்டில் இருக்கு? சத்தியமாக என்னிடம் இல்லை. பேலன்ஸ் ஷீட்டில் என் பக்கம் எழுத முடியாத ஒரு பொருளை என் வீட்டுக் குடோனில் வைத்துக் காவல் காக்கிறேன். குடோன் வாடகை நான்தான் அவங்களிடம் கேட்கணும்!

இதெல்லாம் சந்தாவுக்கு. முழு விலை கொடுத்து வாங்கினவன் தப்பிச்சானா? அதுவும் இல்லை. 2009 ஜூலையில் அமேசான், கிண்டிலில் காசு கொடுத்து வாங்கிய புத்தகங்களை வாசகர்களின் கருவிக்குள்ளிருந்தே தூரத்திலிருந்து அழித்தது. விற்றவரிடம் உரிமை இல்லை என்று காரணம், பணமும் திருப்பிக் கொடுத்தாங்க, அப்புறம் ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். அழிந்த புத்தகத்தில் ஒன்று ஜார்ஜ் ஆர்வெலின் 1984. உள்குத்து எதுவும் இல்லை, நிஜமாகவே அதுதான். 2023 டிசம்பரில் சோனி, பிளேஸ்டேஷனில் வாடிக்கையாளர்கள் விலை கொடுத்து வாங்கிய டிஸ்கவரி நிகழ்ச்சிகள் எல்லாம் வருஷக் கடைசியோடு காணாமல் போகும் என்று அறிவித்தது. ஊர் திட்டியது. அந்த மாசமே, புது ஒப்பந்தம் போட்டாச்சு, இப்போதைக்குப் போகாது என்று பின்வாங்கியது. இப்போதைக்கு. வாங்கின பொருளுக்கு இப்போதைக்கு என்று ஒரு வார்த்தை சேருவதை எந்தக் கடையில் பார்த்திருக்கீங்க?

பூட்டை எடுத்தால் சினிமாத் தொழிலே அழிஞ்சுபோகும் என்பாங்க. இதே பாட்டை, பாட்டு விற்கிறவங்க பாடினாங்க. ஐட்யூன்ஸில் காசு கொடுத்து வாங்கிய பாட்டில் ரொம்ப நாள் பூட்டு இருந்தது. 2007 பிப்ரவரியில் ஸ்டீவ் ஜாப்ஸே, இசைக் கம்பெனிகள் சம்மதித்தால் பூட்டை எடுத்துவிடத் தயார் என்று பகிரங்கமாக எழுதினார். 2009 ஜனவரியில் எல்லாப் பெரிய கம்பெனிகளும் ஒத்துக்கொண்டு பூட்டு போனது. பாட்டுத் தொழில் செத்ததா? சாகவில்லை. கணினி விளையாட்டில் ஜிஓஜி என்ற கடை 2008லிருந்து பூட்டில்லாமலே விற்றுக்கொண்டிருக்கிறது. முடியாது என்று எதுவும் இல்லை, மனசு இல்லை.

திருட்டை நான் ஆதரிக்கிறேனா? இல்லைங்க. அந்த அம்பது ரூபாயில் படம் எடுத்தவனுக்கு அஞ்சு காசு போகவில்லை. லைட்மேனுக்கும், எடிட்டருக்கும், கடன் வாங்கிப் படமெடுத்த தயாரிப்பாளருக்கும் துரோகம்தான். அதற்குச் சட்டமும் இருக்கு. 2023ல் திருத்திய திரைப்படச் சட்டத்தின்படி திருட்டுப் பிரதி எடுத்தால் குறைந்தது மூணு மாசம், அதிகபட்சம் மூணு வருஷம் சிறை. அபராதம் மூணு லட்சத்தில் ஆரம்பித்து படத் தயாரிப்புச் செலவில் அஞ்சு சதவீதம் வரை போகலாம். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் ரெண்டு வருஷம் வரை உள்ளே என்கிறது. இருக்கட்டும். பூட்டுக்கு இத்தனை காவல் போட்டவங்க, பூட்டு தவறான ஆளை வெளியே தள்ளினால் அவன் எங்கே போய் முறையிடணும் என்பதையும் எழுதியிருக்கணுமா வேண்டாமா? நான் அந்தச் செயலியின் வாடிக்கையாளர் சேவையில் முறையிட்டேன். அரட்டைப் பெட்டியில் வந்த ஆசாமி (ஆசாமியா இயந்திரமா என்பது சிவனுக்கே வெளிச்சம்) நாலு முறை வருத்தம் தெரிவித்துவிட்டு, இதே போன்ற வேறு படங்களைப் பார்க்கச் சொன்னார். இதே போன்ற! அப்பாயியிடம் போய் இதே போன்ற வேறு தாத்தாவைப் பார்க்கச் சொல்லவா?

கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் போட்டிருக்காங்க, 2025 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கு. டிஜிட்டல் சாமானை விற்கிறவன், இது வெறும் உரிமம், திரும்பப் பறிக்கப்படலாம் என்று தெளிவாகச் சொல்லாமல் வாங்குங்கள் என்ற வார்த்தையைப் போடக்கூடாது. விதிவிலக்கு யாருக்குத் தெரியுமா? இணையமில்லாமல் நிரந்தரமாக வைத்துக்கொள்ளும்படி கோப்பையே இறக்கிக் கொடுக்கிறவனுக்கு. அதாவது உண்மையான டவுன்லோட் எது என்பது சட்டத்துக்கே தெரிந்திருக்கு! மாசச் சந்தாக்காரர்களை அந்தச் சட்டம் தொடவில்லை என்பது அதன் ஓட்டை. ஆனால் வார்த்தையைப் பிடித்து நிறுத்தினது பெரிய காரியம்.

நம்ம ஊரிலும் ஆயுதம் இல்லாமல் இல்லை. 2019ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்தம் என்றே ஒரு பிரிவு உண்டு. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இணையத்தில் நம்மை ஏமாற்றும் வடிவமைப்புத் தந்திரங்கள் என்று 13 வகைகளைப் பட்டியல் போட்டது. ஒரே ஒரு டிக்கெட்தான் பாக்கி என்று அவசரப்படுத்துவது, சந்தாவை நிறுத்த விடாமல் சுத்தலில் விடுவது எல்லாம் அதில் வரும். பதினாலாவதாக இந்த அம்புக்குறியைச் சேர்க்கச் சொல்லி மனு எழுதலாம் என்று இருக்கேன். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் பின்னூட்டத்தில் கை தூக்குங்க. :-)

நான் கேட்பது ரொம்பப் பெரிசு இல்லை. சந்தா உயிரோடு இருக்கிறவரைக்கும் அந்தச் சந்தாவில் இறக்கின படமும் உயிரோடு இருக்கணும். நான் ப்ளே அழுத்தினேனா, எத்தனை மணிக்கு அழுத்தினேன் என்பது உங்களுக்கு எதற்கு? அடுத்த மாசம் காசு கட்டவில்லையா, சாவியைச் சாகடிங்க, நான் வாயே திறக்கமாட்டேன். உரிமைக்காரரோடு உங்க ஒப்பந்தம் முடிந்தால் புதுசாக இறக்க விடாதீங்க; ஏற்கெனவே இறக்கினவனின் மாசத்தை முடிக்க விடுங்க. ஒப்பந்தம் போடும்போதே இதையும் சேர்த்துப் போட உங்களிடம் வக்கீல்களுக்கா பஞ்சம்? இதற்கெல்லாம் மனசு வராது என்றால், குறைந்தபட்சம் அந்தப் பொத்தானில் இரவல், 48 மணி நேரம் என்று எழுதுங்க. அதைப் பார்த்திருந்தால் முதல் ராத்திரியே பக்கத்துப் படுக்கைக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி முழுப் படத்தையும் காட்டியிருப்பேன். முழு விலைக்கு விற்கிற படமென்றால் பேச்சே இல்லை, கோப்பைக் கையில் கொடுக்கணும்.

வீட்டுக்கு வந்தபிறகு அந்தப் படத்தை யூடியூபில் தேடினேன். யாரோ ஏற்றியிருக்கிறார், ஒரு மூலையில் ஏதோ டிவியின் முத்திரையோடு. அப்பாயியிடம் போட்டுக் காட்டட்டுமா என்றேன். "வேணாம், இப்ப இல்ல" என்றாங்க. ஏன்னு கேட்கவில்லை.

காசி யாத்திரை இன்னும் முடியவில்லை. கொண்டுவந்த கங்கைத் தண்ணீரை ராமேஸ்வரத்தில் சேர்த்தால்தான் கணக்கு தீரும் என்பது அப்பாயி கட்சி. செம்பு பூஜை அலமாரியில் இருக்கு. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து ரயிலும் தீவுக்குள் போகிறது. அடுத்த மாசம் போகலாம் என்று சித்தப்பா டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார். டேப்லெட்டை எடுத்துக்கோ என்று நேற்று அப்பாயியே சொன்னாங்க.

டிஸ்கி: டெலிகிராம் லிங்க் அனுப்பத் துடிக்கும் நல்ல உள்ளங்களுக்கு நன்றி, வேண்டாம். அந்தப் படத்தின் டிவிடி வைத்திருக்கிற புண்ணியவான் யாராவது இருந்தால் சொல்லுங்க, விலைக்கே வாங்கிக்கிறேன். டிவிடி டிரைவ் பக்கத்து வீட்டு அண்ணனிடம் இரவல் கேட்டு வைத்திருக்கேன். எப்ப திருப்பித் தரணும் என்று கேட்டதற்கு, "வேலை முடிஞ்சதும் குடு" என்றார்.